நெபுலா படத்துக்கும் ஒரு முத்திரை வேணும்

"எடிட் பண்ணதா, ஒரிஜினலா?" நெபுலா படம் யார் போட்டாலும் கீழே வர்ற முதல் கேள்வி இதுதான். இப்போ புதுசா இன்னொண்ணும் சேர்ந்திருக்கு: "ஏஐ தானே?"

முதல் கேள்விக்கு நேர்மையான பதில், "ஆமாம், எடிட் பண்ணதுதான்." எடிட் பண்ணாத நெபுலா படம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நாசா போடுவதும் எடிட் பண்ணதுதான், நம்ம ஜூனியர் தென்னேரி ஏரிக்கரையில் எடுப்பதும் எடிட் பண்ணதுதான். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமலேயே நாம் லைக் போட்டு, ஷேர் பண்ணி, சில சமயம் பரிசும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டு கேள்வியும் ஒன்று என்று நினைப்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. அதை முதலில் பிரித்துக் காட்டுகிறேன். அப்புறம் நம் காலேஜ் ஃபெஸ்ட்டுக்கும் இந்த மின்னிதழுக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

நடந்தது என்னன்னா

போன செமஸ்டரில் வேறொரு காலேஜ் ஃபெஸ்ட். பேர் வேண்டாம். போட்டோகிராபி போட்டியில் "இரவு வானம்" என்று ஒரு பிரிவு. என் ஜூனியர் ஒருத்தன் ஒரியன் நெபுலா படம் அனுப்பினான். யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஎஸ்எல்ஆர், ஒரு 50 எம்எம் லென்ஸ், ஒரு டிரைபாட். டெலஸ்கோப் கிடையாது, டிராக்கர் கிடையாது. 3 செகண்ட் எக்ஸ்போஷரில் 412 ஃபிரேம் எடுத்து, அதைச் சேர்த்து ஒரு படம். நெபுலா அதில் ஒரு நகம் அளவுதான் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் நாய்ஸ். ஜட்ஜ் சொன்னது: "நாய்ஸ் அதிகம், இம்பாக்ட் இல்லை."

முதல் பரிசு வாங்கியதும் "ஒரியன் நெபுலா" தான். நீலமும் ஆரஞ்சும் பொங்கி வழிகிற படம். பார்த்தவுடன் வாயைப் பிளக்கலாம், நானும் பிளந்தேன். ஆனால் அதில் இருந்த நட்சத்திரங்கள் எதுவும் ஒரியனில் கிடையாது. வேறு எங்கேயும் கிடையாது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தோற்றதில் அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. "அடுத்த தடவை நானும் பிராம்ப்ட் போட்டே அனுப்பிடுறேண்ணா, எதுக்கு ராத்திரி முழுக்கக் கொசுக்கடி?" என்று கேட்டான். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

கேமரா என்ன பண்ணுது

ஒரியன் நெபுலா, அதாவது எம்42, நம்மிடமிருந்து சுமார் 1,340 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற ஒரு வாயு மேகம். நம்ம பாட்டிமார் திருவாதிரை என்று சொல்லும் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறதே, அதே கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே இது இருக்கிறது. மேகத்தின் நடுவில் புதிதாகப் பிறந்த, ரொம்பச் சூடான சில நட்சத்திரங்கள். அவற்றின் புற ஊதா ஒளி பட்டு ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரான் பிய்ந்து போகிறது. திரும்பி வந்து சேரும்போது படிப்படியாக இறங்குகிறது. மூன்றாவது படியிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கினால் 656.3 நானோமீட்டரில் ஒரு சிவப்பு ஒளி. முதல் வருஷ பிசிக்ஸில் மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அதேதான். அதற்குப் பெயர் எச்-ஆல்பா.

இந்தச் சிவப்பை நம் கண்ணால் பார்க்க முடியாது. இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. அதனால் டெலஸ்கோப்பில் பார்த்தாலும் எம்42 சாம்பல் நிறத்தில், கொஞ்சம் பச்சை கலந்த புகை மாதிரிதான் தெரியும். "கண்ணால பார்த்தா இப்படி இல்லையே, அப்போ படம் பொய்தானே?" என்று கேட்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சிவப்பு அங்கே இருக்கிறது. பார்க்க முடியாதது நம் கண்ணின் குறை. ஜுரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத் தெரியாதபோது தெர்மாமீட்டர் சொல்வதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

கேமராவுக்கும் கஷ்டம் உண்டு. கடையில் வாங்கும் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் இந்த 656 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மிச்சம் வருவது கொஞ்சம். டிராக்கர் இல்லாவிட்டால் நீண்ட எக்ஸ்போஷரும் வைக்க முடியாது. வானம் செகண்டுக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 50 எம்எம் லென்ஸில் அது சுமார் ஒரு பிக்சல். 3 செகண்டைத் தாண்டினால் நட்சத்திரம் புள்ளியாக இருக்காது, கோடாகிவிடும். அதுவும் ஒரியன் வான நடுக்கோட்டிலேயே இருப்பதால் அங்கே நகர்வு அதிகபட்சம்.

அதனால் ஒரே ஃபிரேமில் நெபுலா மங்கலாகத்தான் இருக்கும், நாய்ஸ்தான் அதிகம். என்ன பண்ணலாம்? நிறைய எடுத்துக் கூட்டிச் சராசரி பார்க்கலாம். நெபுலாவின் ஒளி ஒவ்வொரு ஃபிரேமிலும் அதே இடத்தில் வரும். நாய்ஸ் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வரும். 4 ஃபிரேம் சேர்த்தால் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் 2 மடங்கு, 100 ஃபிரேம் சேர்த்தால் 10 மடங்கு. நம்ம பையனின் 412 ஃபிரேமுக்குச் சுமார் 20 மடங்கு. மொத்த எக்ஸ்போஷர் வெறும் 20 நிமிஷம் 36 செகண்ட். இதை ஸ்டாக்கிங் என்கிறார்கள். சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் என்று இலவச சாஃப்ட்வேர்களே இருக்கின்றன.

ஸ்டாக் பண்ணிய படத்தைத் திறந்தால் அதுவும் கறுப்பாகத்தான் இருக்கும். எல்லா டேட்டாவும் ஹிஸ்டோகிராமின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதை இழுத்துப் பரப்ப வேண்டும், ஸ்ட்ரெட்ச் பண்ண வேண்டும். அப்போதுதான் மேகம் வெளியே வரும். இதுதான் "எடிட்". மூடி போட்டு எடுத்த டார்க் ஃபிரேமைக் கழிப்பது, லென்ஸ் மேல் வெள்ளை வேட்டியைக் கட்டி வைத்து விடியற்கால வானத்தைப் பார்த்து எடுத்த ஃபிளாட் ஃபிரேமால் வகுப்பது, எல்லாம் இதில் அடக்கம். கூட்டல், கழித்தல், வகுத்தல். எதையும் புதிதாக வரையவில்லை.

தென்னேரியில ஏன் கஷ்டம், ஏன் லாபம்

ஏரிக்கரைக்கு நாங்கள் போனது தை அமாவாசைக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று இருந்தது தென்னேரி ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. கரைமேல் நின்றால் நாலு பக்கமும் தெரியும். அதனாலேயே நாலு பக்க வெளிச்சமும் தெரியும். கிழக்கே ஒரகடம் தொழிற்சாலைகள், வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூர், அதற்குப் பின்னால் மொத்தச் சென்னையும் சேர்ந்து ஒரு வெளிறிய கூரை. மேற்கே காஞ்சிபுரம். உருப்படியான இருட்டு தலைக்கு மேலேயும் தெற்கேயும்தான்.

ஒரியன் நமக்குத் தலைக்கு மேலேயேதான் வரும். எம்42 உச்சத்துக்கு வரும்போது தென்னேரியில் அது அடிவானத்திலிருந்து சுமார் 72 டிகிரி உயரத்தில் இருக்கும். லண்டனில் 33 டிகிரிதான். அவ்வளவு தாழ்வாக இருந்தால் தடிமனான காற்று மண்டலத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரையில் தெற்கே தாழ்வாகக் கரினா நெபுலாவும் நமக்குத் தெரியும். லண்டன்காரர் அதைப் பார்க்க ஃபிளைட் ஏற வேண்டும். பதிலுக்கு நமக்கு ஒரு தொல்லை: துருவ நட்சத்திரம் வெறும் 13 டிகிரி உயரத்தில், மரத்துக்கும் மங்கலுக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். டிராக்கர் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் கருவியைச் சரி பண்ண வேண்டும்.

வெளிச்ச மாசு பற்றி ஒரு விஷயம். வானத்தின் பின்னணி வெளிச்சத்தைச் சாஃப்ட்வேரில் கழித்துவிடலாம். ஆனால் அந்த வெளிச்சம் கொண்டுவந்த நாய்ஸைக் கழிக்க முடியாது. வானம் 4 மடங்கு வெளிச்சமாக இருந்தால், அதே தரமான படத்துக்கு 4 மடங்கு நேரம் எடுக்க வேண்டும். லடாக்கின் ஹான்லேயில் 2022-ல் 1,073 சதுர கிலோமீட்டரை இருள்வான் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே இருக்கும் வானாய்வகத்தின் பொறியாளர் டோர்ஜே ஆங்சுக் எடுக்கும் பால்வீதிப் படங்களைப் பார்த்தாலே அந்த இருட்டின் மதிப்பு தெரியும். அங்கே ஒரு மணி நேரத்தில் கிடைப்பது நமக்குப் பல ராத்திரி.

ஆகவே நம்ம ஊர் நேர்மையான படம் எப்பவும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஷார்ட்கட் எடுக்கும் ஆசை வருவதும் இதனால்தான். ராத்திரி முழுக்க நின்றும் நகம் அளவு மேகம்தான் கிடைக்கிறது. ஒரு பிராம்ப்ட் போட்டால் 10 செகண்டில் பிரபஞ்சமே கிடைக்கிறது.

கோடு எங்கே இருக்கு

என் கணக்கில் கோடு இதுதான்: படத்தில் இருக்கிற ஒவ்வொரு விவரத்தையும் பின்னால் தேடிப் போனால், அது வானத்திலிருந்து வந்து சென்சாரில் விழுந்த ஒளியில் போய் முடிய வேண்டும். இருக்கிறதைப் பெரிதாக்கிக் காட்டலாம். இல்லாததைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

இந்த அளவுகோலை வைத்து ஹப்பிள் படத்தைப் பார்ப்போம். 1995-ல் எடுத்த "படைப்பின் தூண்கள்" படம் எல்லார் வால்பேப்பரிலும் ஒரு காலத்தில் இருந்தது. அதில் சல்ஃபர் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்தார்கள். உண்மையில் ஹைட்ரஜனும் சல்ஃபரும் இரண்டுமே சிவப்பு, 656-ம் 672-ம். இயற்கை நிறத்தில் போட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துத் தெரியாது. அதனால் நிறத்தை மாற்றினார்கள், மாற்றியதை வெளிப்படையாகவும் சொன்னார்கள். மேப்பில் கடலுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு அடிக்கிற மாதிரி. ஒவ்வொரு பிக்சலுக்குப் பின்னாலும் அளந்த எண் ஒன்று இருக்கிறது. நிறம் மாறியிருக்கிறது, தகவல் மாறவில்லை. ஆகவே ஹப்பிள் பாஸ்.

இப்போ இன்னொரு பக்கம். 2023 மார்ச்சில் ஒருவர் ஒரு சோதனை பண்ணினார். நிலாப் படத்தை 170-க்கு 170 பிக்சலாகச் சுருக்கி, பிளர் பண்ணி, கம்ப்யூட்டர் ஸ்க்ரீனில் போட்டு, அறையின் மறுகோடியிலிருந்து சாம்சங் போனால் ஜூம் பண்ணி எடுத்தார். ஸ்க்ரீனில் இல்லாத பள்ளங்கள் போன் எடுத்த படத்தில் அழகாக வந்துவிட்டன. நிலா என்று அடையாளம் கண்டுகொண்டு ஏஐ விவரங்களை மேம்படுத்துகிறது என்று நிறுவனமும் விளக்கம் கொடுத்தது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பள்ளங்கள் அன்றைக்கு லென்ஸ் வழியாக வந்தவை இல்லை. ஃபெயில்.

நடுவில் சாம்பல் நிறப் பகுதியும் உண்டு. ப்ளர்-எக்ஸ்டெர்மினேட்டர் மாதிரி நியூரல் நெட்வொர்க் கருவிகளை இன்று உலகம் முழுக்க அமெச்சூர்கள் பயன்படுத்துகிறார்கள். லென்ஸ் குறைகளைச் சரிசெய்து நட்சத்திரத்தைக் கூர்மையாக்கும். இதில் எவ்வளவு அளவீடு, எவ்வளவு யூகம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. என் நிலைப்பாடு: பயன்படுத்து, ஆனால் எழுது. மறைப்பதில்தான் பிரச்சினை.

ஏமாறுவது நாம் மட்டும் இல்லை. 2022 ஜூலை கடைசியில், ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்பின் முதல் படங்கள் வந்த சூட்டில், எத்தியேன் க்ளேன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ட்விட்டரில் ஒரு சிவப்பு நட்சத்திரப் படம் போட்டார். நமக்கு மிக அருகில் இருக்கும் ப்ராக்ஸிமா சென்டாரி, ஜேம்ஸ் வெப் எடுத்தது என்றார். ஆயிரக்கணக்கானோர் ஆச்சரியப்பட்டார்கள். அது ஒரு துண்டு சொரிசோ, அதாவது ஸ்பானிஷ் பன்றி சாசேஜ். பெரிய ஆள் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் போட்டேன் என்றார், மன்னிப்பும் கேட்டார். ஒரு துண்டு சாசேஜ் நட்சத்திரமாக நடமாட முடியும் என்றால், ஒரு நல்ல ஏஐ படம் என்ன வேணாலும் ஆகலாம்.

ஜரிகைக் கடையில கத்துக்க வேண்டியது

இந்தப் பிரச்சினை நம்ம ஊருக்குப் புதிதே இல்லை. எங்க சித்தப்பா தறியில் உட்காருகிறவர். கல்யாணப் புடவை எடுக்க வர்றவங்க இப்போ வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "இதே மாதிரி, இதைவிடக் கம்மி விலையில வேற கடையில இருக்கே?" என்று கேட்பார்களாம். போன் ஸ்க்ரீனில் கைத்தறியும் பவர்லூமும் ஒன்று மாதிரிதான். அசல் ஜரிகையும் டூப்ளிகேட் ஜரிகையும் ஒன்று மாதிரிதான். சில சமயம் டூப்ளிகேட்தான் அதிகமாக மின்னும்.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் சோதிக்கும் வழிகள் வந்தன. ஒரு இழையைச் சுரண்டிப் பார்ப்பது, பட்டை எரித்து முடி கருகும் வாசனை வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் பழைய வழி. இப்போது எக்ஸ்-ரே ஃபுளோரசன்ஸ் மெஷின் இருக்கிறது. எக்ஸ்-ரே பட்டால் வெள்ளி தனக்கென்று உள்ள எனர்ஜியில் ஒளியைத் திருப்பி அனுப்பும், தங்கம் தன் எனர்ஜியில், செம்பு தன் எனர்ஜியில். எது எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். யோசித்துப் பாருங்கள், நெபுலாவில் ஹைட்ரஜன் இருக்கிறது என்று 656.3-ஐ வைத்துச் சொல்வதும் இதே தத்துவம்தான். ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு கையெழுத்து உண்டு. ஜரிகைக்கு அந்தக் கையெழுத்து எக்ஸ்-ரேயில், நெபுலாவுக்குச் சிவப்பு ஒளியில்.

சோதனையோடு முத்திரையும் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அசல் பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்குத் தனி முத்திரை. முத்திரை புடவையை அழகாக்காது. இது எப்படிச் செய்யப்பட்டது என்பதை மட்டும் சொல்லும். வாங்குகிறவர் தெரிந்து வாங்கலாம். பவர்லூம் புடவை நெய்வது குற்றமில்லை, அதற்கும் வாங்க ஆள் இருக்கிறது. பவர்லூமில் நெய்துவிட்டுக் கைத்தறி என்று விற்பதுதான் குற்றம்.

ஏஐ படத்துக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். பிராம்ப்ட் போட்டு நெபுலா வரையுங்கள், டிஜிட்டல் ஆர்ட் பிரிவில் அனுப்புங்கள், நானே கைதட்டுகிறேன். "எடுத்த படம்" என்று சொல்லாதீர்கள்.

சித்தப்பாவிடம் நம்ம பையனின் 412 ஃபிரேம் படத்தைக் காட்டினேன். கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இது நெஜமாவே அங்க இருக்காடா?" என்றார். இருக்கு சித்தப்பா, ஏரிக்கரைமேல, நம்ம தலைக்கு நேர் மேல. "அப்போ சரி" என்றார். நாய்ஸ் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இதுல என்ன போச்சு

"ஒரு போட்டோ போட்டிதானே மச்சி, இதுக்கு இவ்ளோ சீனா?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெச்சூர் படம் வெறும் அழகுக்காக இருந்தால் நானும் விட்டிருப்பேன்.

2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர், 3 இஞ்ச் டெலஸ்கோப்பால் ஒரியன் பகுதியைப் படம் எடுத்தார். எம்78-க்குப் பக்கத்தில் பழைய படங்கள் பலவற்றிலும் இல்லாத ஒரு சின்ன மேகம் இருந்தது. ஒரு இளம் நட்சத்திரம் திடீரென்று வெடித்துப் பிரகாசமானதால் சுற்றியிருந்த மேகம் வெளிச்சமாகியிருந்தது. பின்னால் அது மங்கியது, 2008-ல் மறுபடியும் தெரிந்தது. இன்று அதற்கு மெக்நீல் நெபுலா என்று பெயர். அவர் சாஃப்ட்வேர் "ஒரியன் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று பழைய படங்களைப் பார்த்து இட்டு நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இல்லாததைச் சேர்க்கும் ஏஐ, புதிதாக இருப்பதை அழிக்கவும் செய்யும். அதற்குத் தெரிந்தது எல்லாம் ஏற்கெனவே எடுத்த படங்கள்தான்.

இன்னொன்று 2023 ஜனவரியில் வெளியானது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆக்சிஜன் வில். உலகிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட கேலக்ஸி அது, அத்தனை பேரும் அதைத் தவறவிட்டிருந்தார்கள். கண்டுபிடித்தது ட்ரெக்ஸ்லர், ஸ்ட்ரோட்னர், சான்டி என்ற மூன்று அமெச்சூர்கள் இருந்த குழு, நூறு மணி நேரத்துக்கு மேல் எடுத்த டேட்டாவில். முதலில் அவர்களே நம்பவில்லை. லென்ஸ் பிரதிபலிப்பாக இருக்குமோ என்று வேறு இடத்தில், வேறு கருவியால் எடுத்து உறுதி செய்த பிறகுதான் வெளியிட்டார்கள். அந்தப் படம் அந்த வருஷத்தின் உலகப் புகழ்பெற்ற வானியல் போட்டோ போட்டியில் முதல் பரிசும் வாங்கியது.

நம்ம மாநிலத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரில் 1 மீட்டர் டெலஸ்கோப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி திடீரென்று குறைந்தது பதிவானது. அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த அமெரிக்க விமான ஆய்வகமும் அந்த மாதிரிக் குறைவுகளைப் பதிவு செய்தது. இரண்டு இடத்திலும் அன்றைக்கு எடுத்த பதிவு கையில் இருந்தது. யுரேனஸுக்கு வளையம் இருப்பது அன்றைய பதிவுகளிலிருந்துதான் தெரிய வந்தது. யாராவது "இந்த டிப் அசிங்கமா இருக்கு, கோட்டை நேராக்கிடு" என்று கிராஃபை அழகுபடுத்தியிருந்தால் வளையமும் சேர்ந்து போயிருக்கும்.

சில ஆட்சேபனைகள்

"ரூல் போட்டா புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க." எனக்குத் தோன்றுவது தலைகீழ். இப்போதுதான் பயப்படுகிறார்கள், ஏனென்றால் தங்கள் படத்தை ஏஐ படத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. 20 நிமிஷ டேட்டா என்று கீழே எழுதியிருந்தால், ஜட்ஜும் அதை 20 நிமிஷப் படமாகப் பார்ப்பார். போனில் புரோ மோடில் ரா எடுத்தாலும் இந்த விதிக்குள் வரலாம்.

"ரா ஃபைலையும் ஃபேக் பண்ணலாமே?" பண்ணலாம். ஆனால் 412 ராவை ஃபேக் பண்ணுவது ரொம்பக் கஷ்டம். ஃபிரேமுக்கு ஃபிரேம் நட்சத்திரம் சரியான வேகத்தில் நகர வேண்டும். சென்சாரின் கெட்ட பிக்சல் மட்டும் நகராமல் நிற்க வேண்டும். நடுவில் மீனம்பாக்கம் போகும் ஃபிளைட் கோடு கிழிக்க வேண்டும். அவ்வளவு கஷ்டப்படுவதற்கு ஏரிக்கரைக்கே போய்விடலாம்.

"ஜட்ஜுக்கு இதெல்லாம் தெரியாதே?" தெரிய வேண்டாம். அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது. படத்தை ஏற்றினால், நாலு நாலு நட்சத்திரங்களாக எடுத்து அவற்றின் அமைப்பை உண்மையான வானத்தோடு பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் இது வானத்தின் எந்த இடம், எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடும். நம்ம பையன் படத்தை ஏற்றினோம், ஒரியன் என்று வந்தது. முதல் பரிசுப் படத்தை ஏற்றினோம். அப்படி ஒரு இடம் வானத்தில் இல்லை. இதுதான் நம்ம சுரண்டிப் பார்க்கிற சோதனை. உண்மையான படத்தின் மேல் ஏஐ பூசியிருந்தால் இதில் தப்பித்துவிடும். அதற்குத்தான் ரா கேட்கிறோம்.

கோரிக்கை

வரப்போகும் நம் ஃபெஸ்ட்டில் வானப் படங்களுக்கு இரண்டு பிரிவு வையுங்கள்: "எடுத்தது", "உருவாக்கியது". இரண்டுக்கும் பரிசு கொடுங்கள். "எடுத்தது" பிரிவின் ஃபார்மில் நாலே நாலு கட்டம் போதும்: எங்கே, என்றைக்கு எடுத்தது, என்ன கேமரா, லென்ஸ், ஃபில்டர், எத்தனை ஃபிரேம், ஒவ்வொன்றும் எத்தனை செகண்ட், என்னென்ன சாஃப்ட்வேர், ஏஐ கருவி உண்டா. கூடவே பத்து ரா ஃபிரேம் ஒரு டிரைவ் லிங்கில். பரிசுக்கு வந்தால் மிச்சத்தையும் கேட்போம் என்று ஒரு வரி.

இந்த மின்னிதழின் கேலரிப் பக்கத்திலும் படத்துக்குக் கீழே அந்த நாலு விவரத்தையும் போடலாம். எடிட்டர் குழுவிடம் பேசிவிட்டேன், மறுக்கவில்லை. நான் மே மாதம் கிளம்பிவிடுவேன். அதனால் இதைத் தொடர்வது இரண்டாம், மூன்றாம் வருஷக்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

மாசி அமாவாசைக்கு மறுபடியும் ஏரிக்கரைக்குப் போகிறோம். ஒரியன் சாயங்காலமே உச்சிக்கு வந்துவிடும், ஒன்பது மணிக்குள் வேலை முடியும். நள்ளிரவுக்கு மேல் தெற்கே கரினாவையும் ஒரு கை பார்க்கலாம். டிரைபாடும், லென்ஸில் விழும் பனியைத் துடைக்கத் துணியும், ஓடோமாஸும் எடுத்துட்டு வாங்க. ஃபிளாட் எடுக்க வெள்ளை வேட்டி என்கிட்ட இருக்கு.